மூலையில் இருந்த அப்பத்தா எங்கே? குடும்பப் படத்தை விழுங்கும் கறுப்பு

தாலி கட்டி முடிந்துவிட்டது. முதல் பந்தியும் எழுந்துவிட்டது. "எல்லாரும் வாசலுக்கு வாங்க! குரூப் போட்டோ!" என்று ஒரு குரல் கேட்கிறது.

இது சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாண வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில், ஆத்தூர் வட்டத்தில் உள்ள பேரூராட்சி இது. கிழக்கே பார்த்தால் சிறுமலை. மேற்கே பார்த்தால் பழனி மலைத் தொடர். நடுவில் வயலும் தென்னந்தோப்புமாகச் சமவெளி விரிந்து கிடக்கிறது.

ஆனால் கல்யாண வீடு இருப்பதோ ஒரு சந்து. எதிர் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும், போட்டோகிராபருக்கும் கூட்டத்துக்கும் இடையே 12 அடிதான் இருக்கிறது.

மாப்பிள்ளையும் பெண்ணும் நாற்காலியில் உட்காருகிறார்கள். இரண்டு பக்கமும் சம்பந்திகள். பின்னால் மாமன், சித்தப்பன், அத்தை, அண்ணி என்று ஒரு வரிசை நிற்கிறது. முன்னால் ஜமுக்காளத்தில் சிறு பிள்ளைகள்.

"அப்பத்தா! நீயும் வா!"

"எனக்கு எதுக்கப்பா போட்டோ? நீங்க எல்லாம் நில்லுங்க" என்கிறாள் கிழவி. பேரன் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வருகிறான். நெடுநேரம் நிற்க முடியாதவள். ஆகவே ஜமுக்காளத்தின் ஓரத்தில், கடைசி ஆளாக உட்காருகிறாள். மடியில் ஒரு கொள்ளுப் பேத்தி.

'கிளிக்!' படம் எடுத்தாகிவிட்டது.

பத்து நாள் கழித்து ஆல்பம் வருகிறது. வீடே சுற்றி உட்கார்ந்து பார்க்கிறது. குரூப் போட்டோ வருகிறது. பேரன் விரலை வைத்துத் தேடுகிறான்.

"அப்பத்தா இங்கதானே உட்கார்ந்திருந்துச்சு?"

அந்த மூலையில் ஒரு கறுப்பு. அப்பத்தாவின் முகத்தில் பாதி இருட்டு. மடியில் இருந்த குழந்தையைக் காணவே காணோம்! படத்தின் நான்கு மூலைகளிலும் அதே கறுப்பு, பிறை போல வளைந்து நிற்கிறது.

கதை கற்பனைதான். கறுப்பு மூலை கற்பனை அல்ல. கேமரா வைத்திருக்கும் பலருடைய படத்தில் அது ஒரு நாளாவது வந்திருக்கும்.

யார் செய்த குற்றம்?

"கேமரா கெட்டுப் போயிருக்கும்" என்பார் ஒருவர். "லென்ஸ் மட்டம்" என்பார் இன்னொருவர். "பிரிண்ட் போட்ட கடையில்தான் தப்பு" என்பார் மூன்றாமவர்.

மூவர் சொல்வதும் சரியல்ல. குற்றவாளி மிகவும் சிறியவன். லென்ஸின் முன்னால் திருகி மாட்டியிருந்த ஒரு வளையம்!

லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடிக்கு 'பில்டர்' என்று பெயர். அந்தக் கண்ணாடியைச் சுற்றி ஓர் உலோக வளையம் இருக்கும். லென்ஸின் வாயில் உள்ள மரையில் அதைத் திருகி மாட்டுவார்கள்.

நம் போட்டோகிராபரின் லென்ஸில் ஏற்கெனவே ஒரு பில்டர் இருந்தது. தூசியும் கீறலும் படாமல் இருக்க வாங்கிய நாளில் மாட்டியது. கல்யாணத்தன்று வெயில் அதிகம். பட்டுச் சேலையும் தென்னை ஓலையும் கண்ணைப் பறித்தன. பளபளப்பைக் குறைக்க அதன் மேலேயே இன்னொரு பில்டரைத் திருகினார். இரண்டு வளையமும் சேர்ந்து, லென்ஸின் வாயில் ஒரு சிறு குழாய் போல நீண்டுவிட்டன.

அந்தக் குழாயின் விளிம்புதான் அப்பத்தாவை மறைத்தது.

வளையல் சோதனை

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கேமரா வேண்டாம். ஒரு டஜன் வளையல் போதும்.

ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வளையலை மற்றக் கண்ணுக்கு முன்னால் ஒட்டிப் பிடியுங்கள். அறை முழுவதும் தெரிகிறது. வளையல் இருப்பதே தெரியவில்லை.

இப்பொழுது பன்னிரண்டு வளையல்களையும் ஒன்றாக அடுக்கி, குழாய் போலப் பிடியுங்கள். என்ன ஆயிற்று? நடுவில் உள்ளது மட்டும் தெரிகிறது. ஓரங்கள் மறைந்துவிட்டன.

வளையலின் சுற்றளவு மாறவில்லை. அடுக்கின் நீளந்தான் மாறியது. லென்ஸின் முன்னாலும் இதுவே நடக்கிறது. வளையம் நீள நீள, பக்கவாட்டிலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சம் உள்ளே நுழைய முடிவதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். நேராகப் பார்க்கும்போது அந்தக் குழாய் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. ஓரத்தைப் பார்க்க முயன்றால்தான் அது குறுக்கே நிற்கிறது. ஓரத்தையும் சேர்த்துப் பார்க்கவென்றே செய்த லென்ஸுக்கு அது எவ்வளவு பெரிய தடை!

அகலமாகப் பார்க்கும் கண்

லென்ஸ்களில் பல வகை உண்டு. தொலைவில் இருப்பதை அருகே கொண்டு வருவது ஒன்று. நம் கண் பார்ப்பது போல இயல்பாகப் படம் பிடிப்பது இன்னொன்று. பக்கவாட்டில் அகலமாக அள்ளுவது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் 'வைட் ஆங்கிள்' என்கிறார்கள். தமிழில் அகலக் கோண லென்ஸ்.

லென்ஸின் மேல் 50, 35, 24 என்று மில்லிமீட்டர் கணக்கு எழுதியிருக்கும். எண் குறையக் குறையப் பார்வை அகலமாகும்.

35 மி.மீ. பிலிம் கேமராவையோ, அதே அளவு படப்பரப்பு உள்ள டிஜிட்டல் கேமராவையோ எடுத்துக் கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ் படத்தின் மூலைக்கு மூலை சுமார் 47 டிகிரி பார்க்கும். 24 மி.மீ. லென்ஸ் 84 டிகிரி பார்க்கும்.

அடிக் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. 12 அடி தூரத்தில் நின்றால், 50 மி.மீ. லென்ஸில் எட்டரை அடி அகலந்தான் அடங்கும். 24 மி.மீ. லென்ஸில் 18 அடி அகலம் அடங்கும். அந்தச் சந்தில் அகலக் கோண லென்ஸை எடுத்தது போட்டோகிராபரின் தவறே அல்ல. அது இல்லாவிட்டால் பாதிச் சொந்தம் படத்துக்கு வெளியே நின்றிருக்கும்.

ஆனால் வளையத்தின் கணக்கைப் பாருங்கள். சாதாரண பில்டர் வளையம் சுமார் 5 மி.மீ. உயரம் இருக்கும். 50 மி.மீ. லென்ஸ் அந்த உயரத்தைத் தாண்டிப் பார்க்க, சுற்றிலும் 2 மி.மீ. இடம் கூடுதலாக இருந்தால் போதும். 24 மி.மீ. லென்ஸுக்கோ நாலரை மி.மீ. இடம் வேண்டும். இரண்டு பில்டரை அடுக்கினால் 9 மி.மீ. வேண்டும்! அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

சாதாரண லென்ஸில் இரண்டு மூன்று பில்டர் மாட்டியும் ஒன்றும் ஆகாதவர், அகலக் கோண லென்ஸில் ஏமாந்து போவது இதனால்தான்.

மேகம் வரைந்த மனிதர்

'இத்தனை தொல்லை இருந்தால் பில்டர் எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு 1858-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி. சென்னை ராஜதானி அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-ல் மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கர் மகாலையும் படம் பிடித்தார். அந்தப் படங்கள் இன்றும் புகழோடு இருக்கின்றன.

அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அந்தக் காலத்து ரசாயனப் பூச்சு நீல நிறத்துக்கு அளவுக்கு மேல் மயங்கிவிடும். கட்டடம் சரியாகப் பதியும்போது, வானம் வெள்ளைத் தாள் போல வெளுத்துப் போகும். மேகம் மருந்துக்கும் தெரியாது.

டிரைப் என்ன செய்தார் தெரியுமா? பல நெகட்டிவ்களில் வண்ணத்தைத் தொட்டுத் தம் கையாலேயே மேகத்தை வரைந்தார்!

பிற்காலத்தில் எல்லா நிறங்களையும் உணரும் பிலிம் வந்தது. லென்ஸின் முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடியை வைத்தார்கள். மஞ்சள் கண்ணாடி நீல வெளிச்சத்தைத் தடுக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் சற்றுக் கறுக்கும். வெள்ளை மேகம் பளிச்சென்று எழுந்து நிற்கும். கையால் வரைய வேண்டிய வேலையை ஒரு சிறு கண்ணாடி செய்துவிட்டது.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசுத் தொழிற்சாலை இருந்தது. 1960-ல் தொடங்கிய அந்த நிறுவனம், 1967 முதல் பிலிம் தயாரித்தது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளை பிலிமில் படம் எடுத்தவர்கள் ஏராளம். அந்த நாளில் மஞ்சள் பில்டர், ஆரஞ்சு பில்டர் என்று தேடி வாங்கிப் பையில் வைத்திருப்பார்கள். இன்று அந்தத் தொழிற்சாலை இயங்கவில்லை.

டிஜிட்டல் கேமராவுக்கு வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் வேறு சில பில்டர்களுக்கு இன்றும் வேலை உண்டு. தண்ணீரிலும் இலையிலும் வரும் பளபளப்பைக் குறைக்கும் 'போலரைசர்' ஒன்று. வெளிச்சத்தைக் குறைத்து, அருவியைப் பஞ்சு போலக் காட்டும் கறுப்புக் கண்ணாடி இன்னொன்று. லென்ஸைக் காக்கும் 'யு.வி.' கண்ணாடி மூன்றாவது.

பில்டர் நண்பன்தான். அவன் நிற்கும் இடந்தான் சரியாக இருக்க வேண்டும்.

திராட்சைக் கொடி

மூலை இருளுவதற்கு ஆங்கிலத்தில் 'விக்னெட்டிங்' என்று பெயர். விக்னெட் என்பது பிரெஞ்சுச் சொல். சின்னத் திராட்சைக் கொடி என்று பொருள். பழைய புத்தகங்களின் ஓரத்தில் கொடி படர்ந்தது போல அலங்காரம் செய்வார்கள். அதிலிருந்து வந்த பெயர். திண்டுக்கல் பக்கத்துத் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது!

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் வேண்டுமென்றே இப்படிச் செய்ததும் உண்டு. அட்டையில் முட்டை வடிவில் துளை வெட்டி, அதன் வழியே வெளிச்சம் விட்டுப் பிரிண்ட் போடுவார்கள். முகம் மட்டும் நடுவில் தெரியும். சுற்றிலும் மெல்லக் கரைந்து போகும். பல வீட்டுச் சுவர்களில் தாத்தா படம் இப்படித்தான் தொங்குகிறது.

அது அழகுக்காகச் செய்தது. நடுவில் ஒரே ஆள் இருந்தார். ஓரத்தில் யாரும் இல்லை. குரூப் படத்தில் அப்படி இல்லையே! அங்கே மூலையிலும் ஓர் உயிர் இருக்கிறது.

எந்தக் கறுப்பு?

மூலை இருண்டால் எல்லாம் பில்டரின் குற்றம் என்று முடிவு கட்டக் கூடாது. நோயைத் தெரிந்துகொண்டுதான் மருந்து கொடுக்க வேண்டும். நான்கு வகை உண்டு.

ஒன்று, இயற்கையான மங்கல். எந்த லென்ஸும் நடுவில் தரும் அளவு வெளிச்சத்தை மூலையில் தராது. அகலக் கோணத்தில் இது அதிகம். கணக்குப்படி பார்த்தால், எளிய 24 மி.மீ. லென்ஸின் மூலைக்கு நடுவில் விழும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட முழுதாகச் சேராது. இன்றைய லென்ஸ்கள் பல கண்ணாடிகளைக் கோத்து இதைக் குறைக்கின்றன. இந்த மங்கல் நடுவிலிருந்து மெல்ல மெல்ல வரும். வெட்டினாற்போல வராது. லென்ஸின் துவாரத்தைச் சற்றுச் சிறிதாக்கி, 'எப் 8' போல வைத்தாலும் இது முழுதாகப் போகாது.

இரண்டு, வளையத்தின் கறுப்பு. இது மூலையில் மட்டும் வரும். விளிம்பு வளைந்து இருக்கும். வளையம் நன்றாகக் குறுக்கே வந்துவிட்டால், துவாரத்தைச் சிறிதாக்கினாலும் போகாது. கறுப்பின் விளிம்பு இன்னும் கூர்மையாகத் தெரியும்.

மூன்று, வெயில் மறைப்பின் கறுப்பு. லென்ஸின் முன்னால் மாட்டும் 'ஹூட்' பூவிதழ் போல வெட்டியிருக்கும். அதைக் கோணலாக மாட்டினாலோ, வேறு லென்ஸின் ஹூட்டை மாட்டினாலோ இதழே படத்தில் விழும்.

நான்கு, போலரைசர் செய்யும் வேடிக்கை. அதை ஆத்தூர் அணைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்.

அணைக்கரையில் ஒரு காலை

சித்தையன்கோட்டைக்காரர்களுக்கு ஆத்தூர் காமராஜர் அணை பக்கந்தான். பழனி மலையடிவாரத்தில் நீர் தேங்கி நிற்கும். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் அணைகளில் அது ஒன்று. தண்ணீரும் மலையும் வானமும் ஒரே படத்தில் வேண்டும் என்றால், கை தானாக அகலக் கோண லென்ஸுக்குப் போகும். வானம் நீலமாக வேண்டும் என்று போலரைசரையும் மாட்டுவார்கள்.

போலரைசர் வானத்தை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுக்க வைக்காது. சூரியன் இருக்கும் திசைக்குக் குறுக்கே, 90 டிகிரியில் உள்ள வானந்தான் அதிகமாகக் கறுக்கும்.

காலையில் சூரியன் கிழக்கே தாழ்வாக இருக்கிறது. கேமராவை வடமேற்கே திருப்புங்கள். படத்தின் வலப்பக்கம் வடக்கு வானத்தைத் தொடும். அங்கே கருநீலம். இடப்பக்கம் மேற்கு வானத்தைத் தொடும். அங்கே வெளிறல். ஒரே வானம் இரண்டு துண்டாக நிற்கும்!

இதற்கு மெல்லிய வளையம் வாங்கிப் பயனில்லை. போலரைசரைச் சற்றுத் திருப்பி விளைவைக் குறைக்கலாம். லென்ஸின் அகலத்தைக் குறைக்கலாம். அல்லது கழற்றி வைத்துவிட்டு, உள்ளபடி வானத்தை எடுக்கலாம்.

முதலிலேயே ஏன் தெரியவில்லை?

'படம் எடுக்கும்போதே அவர் பார்த்திருக்க வேண்டாமா?' என்று கேட்கலாம். பார்த்தார். ஆனால் தெரியவில்லை.

கண்ணை ஒட்டிப் பார்க்கும் பல கேமராக்களின் ஜன்னல் முழுப் படத்தையும் காட்டுவதில்லை. நூற்றுக்கு 92 முதல் 95 பங்குதான் காட்டும். மீதி ஓரம் மறைந்திருக்கும். கறுப்பு வருவதோ அந்த ஓரத்தில்!

தனி ஜன்னல் வைத்த பழைய கேமராக்களில் நிலைமை இன்னும் மோசம். கண் பார்ப்பது ஒரு துளை. படம் விழுவது வேறு துளை. லென்ஸில் எத்தனை வளையம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது வரும் மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலும் முழுப் படமும் திரையில் தெரிகிறது. ஆனாலும் வெயிலில் அந்தச் சிறு திரையை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? "கண்ணை மூடாதீங்க, சிரிங்க" என்று சொல்லும் அவசரத்தில் மூலையை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. "நண்பர் இதே லென்ஸில் இதே பில்டர் போட்டார். கறுப்பு வரவில்லையே!" என்பார்கள். நண்பரின் கேமராவில் படம் விழும் பரப்பு சிறியதாக இருக்கும். லென்ஸ் தரும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் அது எடுத்துக் கொள்ளும். மூலை அதற்கு வெளியே போய்விடும். ஆகவே ஒருவர் கேமராவுக்குச் சரியானது இன்னொருவருக்குச் சரியாக வேண்டும் என்பதில்லை.

சுவரை வைத்துச் சோதனை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். போட்டோவுக்கும் அது பொருந்தும். ஒரு வெள்ளைச் சுவர் போதும்.

வெளிச்சம் சமமாக விழும் சுவரின் முன்னால் நில்லுங்கள். ஜூம் லென்ஸானால் அதன் மிக அகலமான நிலைக்குத் திருப்புங்கள். போகஸைத் தொலை தூரத்துக்கு வையுங்கள். சுவர் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

முதலில் பில்டர் இல்லாமல் எடுங்கள். பிறகு ஒரு பில்டர் மாட்டி எடுங்கள். ஒவ்வொன்றையும் துவாரம் பெரிதாக இருக்கும்போது ஒன்று, சிறிதாக இருக்கும்போது ஒன்று என்று எடுங்கள். நான்கு படம் ஆகிறது. அவற்றைப் பெரிதாக்கி மூலைகளை ஒப்பிடுங்கள்.

கறுப்பு வந்தால் ஜூமைச் சிறிது சிறிதாக நகர்த்தி, எந்த எண்ணில் மறைகிறது என்று பாருங்கள். '24-ல் ஆகாது, 28-ல் ஆகும்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கேமராப் பையில் ஒட்டுங்கள். கால் மணி நேர வேலை. லென்ஸின் ஆயுள் முழுவதும் உதவும்.

தப்பிக்க ஆறு வழி

ஒன்று: அகலக் கோண லென்ஸில் ஒரு பில்டருக்கு மேல் மாட்டாதீர்கள். போலரைசர் மாட்டும் முன் பழைய பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். இதற்குக் காசு செலவில்லை. பாதித் தொல்லை இதிலேயே தீரும்.

இரண்டு: மெல்லிய வளையம் உள்ள பில்டர் கிடைக்கிறது. 'ஸ்லிம்' என்று கேட்டால் கொடுப்பார்கள். சுமார் 3 மி.மீ. உயரந்தான் இருக்கும். சிலவற்றில் முன்பக்கம் மரை இருக்காது. லென்ஸ் மூடி நிற்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

மூன்று: லென்ஸின் வாயைவிடப் பெரிய பில்டரை வாங்கலாம். 67 மி.மீ. லென்ஸில் 77 மி.மீ. பில்டரை மாட்ட, 'ஸ்டெப் அப் ரிங்' என்ற இணைப்பு வளையம் விற்கிறது. சுற்றிலும் 5 மி.மீ. இடம் கிடைக்கும். அந்த ஒரே பெரிய பில்டர் வீட்டில் உள்ள சிறிய லென்ஸ்களுக்கும் ஆகும். ஆனால் பழைய ஹூட் பொருந்தாமல் போகலாம். பெரிய லென்ஸில் சிறிய பில்டரை மாட்டும் வளையமும் உண்டு. அகலக் கோணத்துக்கு அதை மறந்தும் வாங்காதீர்கள்!

நான்கு: சதுரக் கண்ணாடிகளும் அவற்றைச் செருகும் சட்டமும் கிடைக்கின்றன. சினிமாக் கேமராவின் முன்னால் பெட்டி போல ஒன்று இருக்குமே, அதிலும் இப்படித்தான் பெரிய கண்ணாடிகளைச் செருகுவார்கள். சட்டம் லென்ஸுக்குப் போதிய அகலமா என்று சுவரில் சோதித்து வாங்குங்கள்.

ஐந்து: இடம் இருந்தால் இரண்டடி பின்னால் போங்கள். ஜூமைச் சற்று உள்ளே இழுங்கள். இடமே இல்லாவிட்டால் சுற்றிலும் கொஞ்சம் காலியிடம் விட்டு எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டுங்கள். யாரையும் கடைசி ஓரத்தில் ஒட்ட வைக்காதீர்கள்.

ஆறு: மிக மிக அகலமான லென்ஸ்களில் முன் கண்ணாடி முட்டை போலப் பிதுங்கி நிற்கும். அதில் எந்த வளையமும் மாட்ட முடியாது. அப்படிப்பட்ட சில லென்ஸ்களின் பின்பக்கத்தில் மெல்லிய தாள் பில்டரைச் செருக இடம் வைத்திருக்கிறார்கள். பின்னால் வைத்தால் முன்னால் மறைக்க ஒன்றும் இல்லை.

செல்போனுக்கும் இதே விதிதான். போனின் அகலக் கண் மிகவும் அகலமானது. அதன் மேல் கிளிப் வைத்து மாட்டும் கண்ணாடியோ, பொருந்தாத உறையின் விளிம்போ மூலையில் விழும். உறையைக் கழற்றி ஒரு படம், மாட்டி ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் சரி செய்யாதா?

"கம்ப்யூட்டரில் போட்டுச் சரி செய்துவிடலாம்" என்பது இன்றைய தைரியம். அதில் பாதிதான் உண்மை.

இயற்கையான மங்கலைக் கம்ப்யூட்டர் சரி செய்யும். அங்கே வெளிச்சம் குறைவாக இருந்தாலும் உருவம் பதிந்திருக்கிறது. அதைப் பிரகாசமாக்கினால் போதும்.

வளையத்தின் கறுப்பில் உருவமே பதியவில்லை. அங்கே இருப்பது வளையத்தின் படம். அதை எவ்வளவு பிரகாசமாக்கினாலும் பின்னால் இருந்தவர் வரமாட்டார். மூலையை வெட்டலாம். வெட்டினால் பக்கத்தில் இருந்த குழந்தையும் சேர்ந்து போகும்.

செயற்கை அறிவைக் கொண்டு மூலையை நிரப்பும் வசதியும் வந்துவிட்டது. தரையும் இலையும் வானமும் அது கச்சிதமாக வரையும். ஒரு கிழவியின் முகத்தைக்கூட வரைந்து தரும். ஆனால் அது யாரோ ஒரு கிழவி. நம் அப்பத்தா அல்ல! 1858-ல் மேகத்தை வரைந்தால் ஏற்றுக் கொள்ளலாம். மேகம் எங்கும் உண்டு. அப்பத்தா ஒருத்திதான்.

மூலையில் இருப்பவர் யார்?

குரூப் போட்டோவின் நடுவில் எப்போதும் யார் இருக்கிறார்கள்? மாப்பிள்ளை, பெண், பணம் உள்ள உறவு, பதவி உள்ள உறவு. அவர்களுக்கு வேறு படங்கள் ஆயிரம் இருக்கும்.

மூலையில் யார் இருக்கிறார்கள்? கூச்சப்படுகிறவர்கள். சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தவர்கள். "எனக்கு எதுக்கு?" என்று ஒதுங்கியவர்கள். கடைசியில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள். அவர்களில் சிலருக்கு அந்த ஒரு படந்தான் படம். சிலருக்கு அதுவே கடைசிப் படமாகவும் ஆகிவிடும்.

எல்லோரும் அடங்க வேண்டும் என்றுதானே அகலமான லென்ஸை எடுக்கிறோம்? அப்படி எடுத்துவிட்டு, ஒரு வளையத்தால் ஓரத்தில் இருப்பவரைத் தள்ளிவிடலாமா?

ஆகவே, கல்யாண வீட்டுக்குப் புறப்படும் முன் சுவரைப் பார்த்து ஒரு படம். அங்கே போனதும் தேவையில்லாத கண்ணாடியைக் கழற்றிப் பையில் ஒரு வேலை. படம் எடுத்த உடனே நான்கு மூலையையும் பெரிதாக்கி ஒரு பார்வை. கறுப்பு தெரிந்தால், கூட்டம் கலையும் முன்னே, "இன்னும் ஒரு படம், அப்படியே இருங்க" என்று ஒரு வார்த்தை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன? ஜமுக்காளத்தைச் சுருட்டிய பிறகு அப்பத்தாவை மறுபடி எங்கே உட்கார வைப்பது?